வேண்டாம் என்றாவது சொல்லுங்கள்

நண்பர் ஒருவரின் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்து, அதைப் பதிப்பகத்தில் சேர்த்துவிட ஏஜெண்ட் தேடிக்கொண்டிருக்கிறாள். அறுபது ஏஜெண்டுகளுக்கு மேல் எழுதியாகிவிட்டதாம். ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லையாம். "மனசே விட்டுப்போச்சு மாமா" என்று போனில் அழாக்குறையாகச் சொன்னாள். தேறுதல் சொல்ல வேண்டிய நான், "அறுபது பேரும் பதில் போட்டாங்களாம்மா?" என்றுதான் கேட்டேன். பாதிப் பேர் போட்டார்களாம். மீதிப் பேர், பன்னிரண்டு வாரத்துக்குள் எங்களிடமிருந்து கடிதம் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம் என முன்கூட்டியே அறிவித்திருந்தார்களாம்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. முப்பது மறுப்புக் கடிதம்! தமிழில் எழுதுகிறவன் முப்பது வருஷம் முயன்றாலும் அத்தனை கடிதம் அவன் வீட்டு வாசலுக்கு வராது.

ஏஜெண்ட் என்றால் நம் ஊரில் எல்.ஐ.சி. ஏஜெண்ட், பஸ் டிக்கெட் ஏஜெண்ட், கிரிவலம் வருகிறவர்களுக்கு ரூம் பிடித்துத் தருகிறவர் என்றுதான் தெரியும். புத்தக ஏஜெண்ட் என்பவர் எழுதியவனுக்காகப் பதிப்பகத்தாரிடம் பேசி, ஒப்பந்தம் போட்டு, வருகிற பணத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறவர். லண்டனில் ஏ.பி. வாட் என்பவர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் 10 சதவீதத்துக்கு இந்தத் தொழிலை ஆரம்பித்தார். இப்போது பெரும்பாலும் 15 சதவீதம். பிரான்ஸில் இன்றைக்கும் இவர்கள் குறைவுதான். எழுதியவன் நேரே பதிப்பகத்துக்கு அனுப்புவான். அங்கே வாசிப்புக் குழு என்று ஒன்று இருக்கும், அது படித்து முடிவு சொல்லும்.

தமிழில் ஏஜெண்டும் இல்லை, வாசிப்புக் குழு என்று பெயர் சொல்லிக்கொள்ளும்படி பெரும்பாலான இடங்களில் ஒன்றும் இல்லை. 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடத்துகிறார்கள். மொழிபெயர்ப்புக்கு அரசு மானியம் தருகிறது. 'இலக்கிய முகவர்' என்ற சொல்லும் அதையொட்டிக் காதில் விழ ஆரம்பித்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அது ஏற்கெனவே அச்சாகிப் பெயர் வாங்கிய தமிழ்ப் புத்தகத்தை வெளிநாட்டு மொழிக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு. கையெழுத்துப் பிரதியோடு வாசலில் நிற்கிறவனுக்கு அதில் இடம் இல்லை. அவனுக்கு அவனேதான் ஏஜெண்ட், அவனேதான் பியூன், தபால் செலவும் அவனுடையதே.

என் கதையைச் சொல்கிறேன், சுருக்கமாகவே சொல்கிறேன்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டுக் கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982-ல் அங்கேயும் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர் என்ற வி.ஏ.ஓ. வந்தார். அப்போது நான் தாலுகா ஆபீசில் உதவியாளர். நம் மாவட்டம் அன்றைக்கு வட ஆற்காடு. திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989-ல்தான். கிராமம் கிராமமாகப் போய்க் கணக்குகளை எடுத்துவரச் சொன்னார்கள். அடங்கல், சிட்டா, ஏரிப் பாசனக் கணக்கு, எல்லைக்கல் குறிப்பு எல்லாம் துணியில் கட்டிய மூட்டைகளாக வந்தன. சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் மூட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார்கள். நான்கு தலைமுறையாகத் தங்கள் வீட்டில் இருந்த கணக்கு போகிறதே என்ற அழுகை அது. அதே தெருவின் மறுகோடியில், இவர்கள் பேனா முனையில் நிலத்தை இழந்தவர்கள் பட்டாசு வெடித்தார்கள். நான் இரண்டையும் பார்த்தவன்.

ரிட்டயர் ஆனபிறகு அதை எழுதினேன். 1390-ம் பசலி ஒன்றைப் பற்றி மட்டும், 340 பக்கம். கர்ணத்தைப் புகழ்ந்தும் எழுதவில்லை, திட்டியும் எழுதவில்லை. எந்தக் கணக்கில் எதை எப்படி எழுதினார்கள், எப்படித் திருத்தினார்கள், பழைய குறியீடுகளை எப்படிப் படிப்பது, ஒரு ஏரியின் தண்ணீர் முறை வாய்மொழியாக யாரிடம் இருந்தது, அவர் போனதும் அது எப்படிப் போயிற்று என்று எழுதினேன். இதையெல்லாம் நேரில் கண்டவர்கள் தாலுகாவுக்கு இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். எல்லாருக்கும் எழுபதுக்கு மேல்.

நாலரை வருஷத்தில் ஏழு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஏழும் வெளியூர். பெயர் சொல்ல மாட்டேன், பெயரா முக்கியம்? ஒன்றிலிருந்து மட்டும் போஸ்ட் கார்டு வந்தது. "தங்கள் நூல் எங்கள் வெளியீட்டுத் திட்டத்துக்குப் பொருந்தவில்லை, பிரதியைத் திருப்பி அனுப்புகிறோம்" என்று இரண்டு வரி, கீழே பேனாவில் கையெழுத்து. இன்னொன்றிலிருந்து போன் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். மற்ற ஐந்தும் மௌனம். பிரதி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லையோ என்று சந்தேகப்படவும் வழியில்லை. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினேன். ஐந்து அட்டையும் பதிப்பகத்தின் ரப்பர் ஸ்டாம்பு குத்தித் திரும்பி வந்தன. (அந்தப் பதிவுத் தபாலையும் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். என் மாதிரி ஆட்களுக்கு ஒரு கை ஒடிந்த மாதிரி.)

ஒரு பதிப்பகத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வேன். ஒரு பையன் எடுப்பான். மரியாதையான பையன். "வந்திருக்கும் சார். எடிட்டர் சார் பார்த்துட்டுச் சொல்வார் சார்." பதினோரு தடவை இதையே சொன்னான். பன்னிரண்டாவது தடவை வேறு பையன் எடுத்தான், "என்ன புக் சார்?" என்றான்.

என் வாதம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லப் பதிப்பகத்தாருக்கு முழு உரிமை உண்டு. அவர் போடுகிற முதல், அவர் எடுக்கிற ரிஸ்க். என் 340 பக்கம் அவருக்குக் குப்பையாகப் படலாம். அதைப் பற்றி எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அனுப்பியவனுக்குப் பதிலே போடாமல் இருக்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தது?

முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அரசாங்க ஆபீஸ் என்றால் சோம்பேறி மடம் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள், பதிப்பகத்தார் அதைப் புத்தகமாகவும் போடுவார்கள். அந்தச் சோம்பேறி மடத்தில் ஒரு துண்டுக் காகிதம் வந்தாலும் தபால் பிரிவில் முத்திரை குத்துவோம். அதற்கு ஒரு ந.க. எண் விழும். உதவியாளரின் தன்பதிவேட்டில் ஏறும். ஏறிய காகிதம் முடிவாகாமல் அந்தப் பதிவேட்டை விட்டு இறங்கக் கூடாது. மேலதிகாரி தணிக்கைக்கு வரும்போது நிலுவை ஏன் என்று கேட்பார், பதில் எழுதவேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளுக்குப் போய்ப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி யாரையோ எழுதவைத்து ஒரு மனு கொடுப்பாள். அவளுக்கு ஒரு ரசீது உண்டு. "தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை" என்ற கடிதமாவது ஒருநாள் வரும். அந்தக் கடிதத்தைத் திட்டிக்கொண்டே அவள் அடுத்த ஆபீசுக்குப் போவாள். அது வந்ததால்தான் போக முடிகிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தபிறகு 30 நாள் என்று கெடுவே வைத்துவிட்டார்கள்.

கிழவியின் மனுவுக்குக் கிடைக்கிற மரியாதை ஒரு மனிதன் மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதிய 340 பக்கத்துக்கு இல்லை. ஆனால் இந்தப் பதிப்பகங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மனித உரிமை பற்றி எத்தனை புத்தகம், அதிகார வர்க்கத்தின் அலட்சியம் பற்றி எத்தனை புத்தகம்!

மறுக்கப்பட்டவனுக்கு ஆறுதல் சொல்ல ஒரு கூட்டம் உண்டு. எல்லாப் பெரிய எழுத்தாளரும் முதலில் நிராகரிக்கப்பட்டவர்களே, விடாமல் முயலுங்கள் என்பார்கள். எனக்கு இந்த ஆறுதல் பிடிப்பதில்லை. பிறகு பெரியவர் ஆனவரின் மறுப்புக் கதைதான் நமக்குத் தெரியும். ஆகாதவனின் கதையை யார் சொன்னார்கள்? மேலும், அந்தப் பெரியவர்களின் கதைகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் ஆறுதல்காரர்கள் சொல்வதற்கு நேர்மாறாக ஒன்று தெரிகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்கு ப்ரூஸ்த் பள்ளிக்கூட நாளிலேயே பெயரளவில் பழக்கம். 1912 கடைசியிலும் 1913 தொடக்கத்திலுமாக அவருடைய முதல் பாகத்தை மூன்று பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. ஒலாந்தோர்ஃப் பதிப்பகத்தின் நிர்வாகி, ஓர் ஆள் தூக்கம் வராமல் படுக்கையில் புரள்வதைச் சொல்ல முப்பது பக்கம் ஏன் என்று தனக்குப் புரியவில்லை என ப்ரூஸ்த்தின் நண்பருக்குக் கடிதம் எழுதினார். கலிமார் இருந்த என்.ஆர்.எஃப். குழுவும் திருப்பிவிட்டது; அதில் முக்கியமானவர் ஆந்த்ரே ழீத். ப்ரூஸ்த் வசதியுள்ளவர். தன் கைப்பணம் போட்டு 1913 நவம்பரில் கிராஸே மூலம் வெளியிட்டார். இரண்டே மாதத்தில் ழீத், தான் செய்தது பெரிய தவறு என்று ப்ரூஸ்த்துக்குக் கடிதம் எழுதினார். பிறகு கலிமாரே அவரை எடுத்துக்கொண்டது, 1919-ல் கொன்கூர் பரிசும் வந்தது.

இதில் பரிசு எனக்குப் பெரிதில்லை. கடிதங்களைப் பாருங்கள். மறுத்தவர் ஏன் மறுத்தார் என்று எழுதினார். எழுதியதால் அவர் தவறு நூறு வருஷம் கழித்தும் அவர் பெயரிலேயே நிற்கிறது. ழீத்துக்கு வருத்தம் தெரிவிக்க ஒரு விஷயம் இருந்தது. நம் பதிப்பகத்தார் நாளைக்கு வருத்தப்பட வேண்டுமென்றாலும் எதற்காக வருத்தப்படுவார்? அவர் எதையும் மறுக்கவே இல்லையே. மூட்டை பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தது, அவ்வளவுதான்.

நம் பக்கம் வருவோம். பாரதியின் முதல் பாட்டுத் தொகுப்பு ஒன்றை வி. கிருஷ்ணசாமி ஐயர் 15,000 பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். அரசியலில் இருவரும் எதிரெதிர் கட்சி. அப்படிப்பட்ட அதிர்ஷ்டம் ஒருமுறைதான் வந்தது. புதுச்சேரியில் பத்து வருஷம் இருந்துவிட்டுக் கடையத்துக்குப் போன பாரதி, 1920-ல் தன் எழுத்துக்களை எல்லாம் 40 புத்தகமாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடத் திட்டம் தீட்டி, பண உதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் மாதிரி வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். காரியம் நடக்கவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். பாஞ்சாலி சபதம் முதல் பாகம் 1912-ல் வந்தது; இரண்டாம் பாகத்தை அவர் அச்சில் பார்க்கவே இல்லை. பிறகு அந்த எழுத்துக்களின் உரிமை கைமாறி, 1949-ல் அரசே வாங்கி, பின்னர் பொதுவுடைமை ஆக்கியது நமக்குத் தெரியும். ஊரே மேடை போட்டுக் கொண்டாடுகிறது. அந்தச் சுற்றறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான்.

இன்னும் கிட்டத்தில் ஒருவர், சி.சு. செல்லப்பா. இவரை நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பார்க்கவேண்டும். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1959-ல் 'எழுத்து' பத்திரிகை ஆரம்பித்து 1970 வரை நடத்தினார். அதில் வந்த புதுக்கவிதையை அன்றைக்குப் பண்டிதர்களும் ஏற்கவில்லை, பெரிய பத்திரிகைகளும் சீண்டவில்லை. பதிப்பகங்கள் போடாததைத் தானே 'எழுத்து பிரசுரம்' என்று பெயர் வைத்துப் போட்டார். ந. பிச்சமூர்த்தியின் 'காட்டுவாத்து', 1962-ல் 'புதுக்குரல்கள்' எல்லாம் அப்படி வந்தவை. வந்தால் போதுமா, யார் வாங்குவது? புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். சென்னையில் திருவல்லிக்கேணியில் வாசம். கையில் காசு இல்லை. ஜல்லிக்கட்டைப் பற்றிய அவருடைய 'வாடிவாசல்' அந்த நாளில் விற்றது கொஞ்சம். இன்றைக்குப் பதிப்பு மேல் பதிப்பு வருகிறது, சினிமாவுக்கும் பேசப்படுகிறது.

அவருடைய பெரிய நாவல் 'சுதந்திர தாகம்'. மூன்று பாகம். 1997-ல் வெளிவந்தது, அவரே வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 85. மறு வருஷம் டிசம்பரில் காலமானார். 2001-ல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கொடுத்தார்கள். யார் கையில் கொடுத்தார்கள் என்று யோசியுங்கள். 85 வயது மனிதர் அச்சகத்துக்கும் வீட்டுக்கும் நடந்து, புரூப் திருத்தி, மூன்று பாகத்தை அச்சில் கொண்டுவர வேண்டியிருந்த மொழி இது. அப்படி நடந்ததை 'அவருடைய விடாமுயற்சி' என்று பாராட்டிவிட்டு நாம் காபி குடிக்கப் போய்விடுகிறோம். அந்த மனிதரின் பெருமையைச் சொல்லித் தமிழ்ப் பதிப்புலகத்தின் வெட்கக்கேட்டை மறைக்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பதிப்பகத்தார் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தமிழ்ப் பதிப்பகம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், இரண்டு மூன்று வேலையாட்கள், ஒரு குடோன். நூலக ஆணை வந்தால் மூச்சு விடுவார்கள். அது சில வருஷம் வராது, வந்தாலும் பணம் தாமதம். ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு முன்னால் மூன்று மாதம் தூக்கம் கிடையாது. எழுதுகிறவர்களும் இப்போது அதிகம். எல்லாரும் கவிதைத் தொகுப்போடு வருகிறார்கள், அதில் படிக்க முடியாதது நிறைய. இதெல்லாம் உண்மை.

ஆனாலும் கேட்கிறேன். மூன்று பக்கம் புரட்டினால் வேண்டுமா வேண்டாமா என்று அனுபவமுள்ள எடிட்டருக்குத் தெரிந்துவிடாதா? தெரிந்ததை ஒரு வரியில் சொல்ல எவ்வளவு நேரம்? அச்சடித்த கார்டு நூறு வைத்துக்கொண்டால் பேரும் தேதியும் எழுதினால் போதும். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் "நன்றி, பொருந்தவில்லை" என்று இரண்டு வார்த்தை. எனக்கு வந்த ஒரே போஸ்ட் கார்டு எந்தப் பெரிய பதிப்பகத்திலிருந்தும் வரவில்லை. ஆள்பலம் இல்லாத சின்னப் பதிப்பகம் அது. அவர்களால் முடிந்தது. நம் திருவண்ணாமலையிலேயே வம்சி மாதிரி ஒரு பதிப்பகம் வளர்ந்து தமிழ்நாடு முழுக்கப் போகிறது. சென்னையில் பெரிய கட்டடம் இருந்தால்தான் எதுவும் நடக்கும் என்பதும் பொய்.

பதில் போடாததற்கு நேரமின்மை காரணம் என்று நான் நம்பவில்லை. பிரதியை வைத்திருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அனுப்பியவன் நாளைக்கு யாராவது ஆகிவிட்டால்? கலெக்டருக்கு வேண்டியவனாக இருந்தால்? நூலகத் துறையில் மச்சான் இருந்தால்? எதற்கும் கிடக்கட்டும் என்பதுதான். வேண்டாம் என்று எழுதிவிட்டால் கதவு மூடிவிடும். மூடாமலும் திறக்காமலும் வைத்திருப்பது வியாபாரிக்கு லாபம், வாசலில் நிற்கிறவனுக்கு ஆயுள் நஷ்டம். இருபத்தைந்து வயதுக்காரன் நாலு வருஷம் காத்திருக்கலாம். எழுபதைத் தாண்டியவனிடம் நாலு வருஷம் எடுத்துக்கொள்வது வேறு கணக்கு.

இப்போது அந்தப் போன் விஷயம். "ஐயா, வாழ்த்துகள்! உங்க நூல் தேர்வாகியிருக்கு" என்று ஒரு பெண் குரல். நானும் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நிமிஷமே, "ஐயா, பேக்கேஜ் மூணு விதமா இருக்கு" என்றாள். குறைந்தது 48,000 ரூபாய். அதற்கு நூறு பிரதி, அட்டைப்படம், ஒரு வெளியீட்டு விழா, ஒரு விருது. "விருது எதுக்கும்மா?" என்றேன். "அது காம்ப்ளிமெண்ட்டரி ஐயா" என்றாள். படித்தீர்களா என்று கேட்டேன். "டீம் படிச்சிருக்காங்க ஐயா, கவிதைகள் ரொம்ப அருமை" என்றாள். 340 பக்கத்தில் ஒரு கவிதையும் கிடையாது; அடங்கல் கணக்குதான் இருக்கிறது.

சொந்தப் பணத்தில் புத்தகம் போடுவது இழிவு என்று நான் சொல்ல வரவில்லை. உ.வே.சா. சிந்தாமணியை 1887-ல் அச்சிட முன்பணம் தருவதாகக் கையொப்பம் வாங்கித்தான் காரியத்தை நடத்தினார். நம் ஊர் அருணகிரிநாதரின் திருப்புகழ் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து அச்சில் கொண்டுவந்தவர் வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை. அவரும் நம்மைப் போல அரசாங்கச் சம்பளக்காரர், முன்சீப்பாக இருந்தவர். கோயிலில் இன்று பாடுகிறோமே, அதில் பெரும்பகுதி அப்படிப் பிழைத்தது. ஜி. நாகராஜன் தன் நாவலைத் தானே போட்டுக்கொண்டார். இவர்கள் யாரும் 'தேர்வானேன்' என்று ஏமாறவில்லை. செலவு நம்முடையது என்று தெரிந்தே செய்தார்கள். அச்சுக் கூலி வாங்குகிறவன் அச்சகத்துக்காரன் என்று போர்டு மாட்டிக்கொள்ளட்டும், நானே போய்ப் பேரம் பேசுகிறேன். பதிப்பகம் என்று போர்டு மாட்டிக்கொண்டு பென்ஷன்காரனின் கமுட்டேஷன் பணத்தைக் குறிவைப்பதுதான் அயோக்கியத்தனம். மௌனமாக இருந்த ஐந்து பேருக்கும் இந்தத் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு. அவர்கள் பதில் சொல்லாததால்தான், பதில் சொல்கிற முதல் ஆளிடம் ஜனங்கள் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எங்கள் பென்ஷனர் சங்கத்திலேயே மூன்று பேர் கொடுத்திருக்கிறார்கள். கட்டிலுக்கடியில் கட்டுக் கட்டாகப் புத்தகம், வீட்டம்மா திட்டிக்கொண்டிருக்கிறார்.

எழுதி வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். ஒரு நோட்டுப் போடுங்கள், தன்பதிவேடு மாதிரி. வரிசை எண், அனுப்பிய தேதி, யாருக்கு, ஒப்புகை வந்த தேதி. அனுப்பும்போதே கடிதத்தில், தொண்ணூறு நாளில் பதில் வராவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்புவேன் என்று எழுதிவிடுங்கள். தொண்ணூறாம் நாள் ஒரு நினைவூட்டு, நூற்றிருபதாம் நாள் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து முடித்துவிடுங்கள். அதன்பிறகு போன் செய்யாதீர்கள். அவர்கள் மூடாத கோப்பை நாம் மூடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது; ராத்திரி தூக்கம் வருகிறது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பக்கூடாது என்று சிலர் சாஸ்திரம் சொல்வார்கள். பதில் போடுகிறவர்கள் ஊரில் அந்தச் சாஸ்திரம் சரி. ஒரிஜினலை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

பதிப்பாளர் சங்கத்தாருக்கும் ஒன்று கேட்கிறேன். 1977 முதல் சென்னையில் புத்தகக் கண்காட்சி நடத்துகிறீர்கள். ஆயிரம் விஷயத்துக்குத் தீர்மானம் போடுகிறீர்கள். உறுப்பினர் பதிப்பகங்கள் வந்த பிரதிக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு வரி பதில் தரவேண்டும், இல்லையேல் பிரதி எதுவும் ஏற்பதில்லை என்று வாசலில் போர்டு வைக்கவேண்டும் என ஒரு தீர்மானம் போடுங்கள். இரண்டில் எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம்.

என் 340 பக்கத்தை இந்த ஆடியில் செங்கம் ரோட்டில் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டேன், பதினைந்து பிரதி. மாவட்ட நூலகத்துக்கு ஒன்று. பழைய கிராமங்களில் எனக்குத் தெரிந்த வி.ஏ.ஓ.க்களுக்கு ஆறு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு ஒன்று அனுப்பினேன். கிடைத்தது என்று ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அன்றைக்கு அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ரிட்டயர்டு ஆர்.ஐ. ஒருவர் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு போய், பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் திருத்தம் போட்டுக் கொண்டுவந்தார். தண்டராம்பட்டுப் பக்கத்து ஏரி ஒன்றின் மதகுக் கணக்கில் அவருக்கும் எனக்கும் இன்னும் தகராறு தீரவில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் கர்ணமாகவோ தலையாரியாகவோ இருந்தவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், இரண்டு பிரதி பாக்கி இருக்கிறது. மாலையில் பென்ஷனர் சங்கத்தில் கேட்டால் தருவார்கள்.